நந்தி கல்யாணத்தை ஆங்கிலத்தில் கேட்டேன்

தஞ்சாவூரில் திருவையாறு பஸ் ஏறினால், ஊர் போய்ச் சேர்வதற்குள் ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுகிறோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. அங்கிருந்து அரியலூர் சாலையில் வடக்கே போனால் ஆறாவதாகக் கொள்ளிடம் வருகிறது. முதல் ஐந்தையும் பஸ் சட்டென்று தாண்டிவிடும். கொள்ளிடம் அப்படியில்லை. பாலத்தின் மேல் ஏறிய பஸ் இறங்க நேரமாகிறது. சித்திரை வெயிலில் மணல் வெளுத்துக் கிடந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நீர் மினுங்கியது. பாலம் கடந்தால் திருமானூர், அரியலூர் மாவட்டம். அங்கிருந்து ஆற்றை ஒட்டி மேற்கே திரும்பும் சாலை நெல்லும் கரும்பும் தென்னையுமாகத் திருமழபாடிக்குக் கொண்டுபோய் விடுகிறது.

என் தோழி ஒருவர் மெக்சிகோவுக்குத் தன்னார்வலராகப் போய்வந்தவர். சுற்றிப் பார்ப்பதற்கென்று போகவில்லை. அங்குள்ள கல்லூரி மாணவர்களோடு காலை முதல் இரவு வரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலை. தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஸ்பெயினிலும் இப்படிச் சில முகாம்கள் நடக்கின்றன. பாடநூல், தேர்வு, மதிப்பெண் எதுவும் கிடையாது. சாப்பாட்டு மேசையிலும் நடைபாதையிலும் பேச்சு மட்டுமே. இதைக் கேட்டதும், நம் ஊரில் இதைச் செய்தால் என்ன என்று எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு யோசனை பிறந்தது. கோடை விடுமுறையில் ஆளுக்கொரு ஊர் என்று பிரித்துக்கொண்டோம். எனக்குத் திருமழபாடி. அங்கே ஒரு வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டு அப்பாயி மூன்று வேளையும் சாப்பாடு போட்டார். பதிலுக்கு, சுற்றுவட்டாரத்து ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கும் பிள்ளைகளோடு நான் பேச வேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

விருந்தாளியை ஊரே கூப்பிட்டு வரவழைக்கும் கதை திருமழபாடிக்குப் பழையது. சுந்தரர் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவில் சிவன் கனவில் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்டாராம். விடிந்ததும் சுந்தரர் ஆற்றைக் கடந்து வந்து பாடினார். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. வைத்தியநாதசுவாமி கோயிலில் அம்மன் சன்னதிகள் இரண்டு: சுந்தராம்பிகை, பாலாம்பிகை. கோபுர வாசலில் நின்று பார்த்தால் எதிரே கொள்ளிடம். வாசலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஊர் மக்கள் நாள் முழுதும் போய்வந்துகொண்டிருப்பார்கள்.

முதல் மாலை பிள்ளைகள் வந்தார்கள். சைக்கிளில் சிலர், பக்கத்து ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் சிலர். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் பெண் பிள்ளைகள்தான் அதிகம். கோயிலை ஒட்டிய மரநிழலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் பெயர் கேட்டேன், சொன்னார்கள். எந்த ஊர், எந்த வகுப்பு என்றதற்கும் பதில் வந்தது. அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் பிழையில்லாமல் மாற்றினார்கள். கட்டுரைகளை முழுதாக ஒப்பித்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்து வந்த மொழி அது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவர்களுடைய ஆங்கிலப் பதில் எல்லாமே கேட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்த பதிலாக இருந்திருக்கிறது. தலைநகரம் எது என்று கேட்கும் ஆசிரியருக்குத் தலைநகரம் தெரியும். அவர் சரிபார்க்கக் கேட்கிறார். சரிபார்ப்பவர் முன்னால் யாருக்கும் வாய் கட்டிக்கொள்ளும்.

எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டதும் நிலைமை மாறியது. பங்குனியில் இங்கே நடக்கும் நந்தி கல்யாணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்றேன். பாயின் கோடியில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் நிமிர்ந்தாள். "பார்த்ததே இல்லையா சார்?" என்று தமிழில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவளால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "சார், நந்தி இஸ் கமிங் ஃப்ரம் திருவையாறு. ஹீ இஸ் மாப்பிள்ளை. ஐயாறப்பர் இஸ் மாப்பிள்ளைஸ் ஃபாதர்" என்று தொடங்கினாள். பக்கத்துப் பையன் அதைத் திருத்தி, "ஃபாதர் லைக்" என்றான். இன்னொருத்தி, பெண் வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று சண்டைக்கு வந்தாள். அன்று இருட்டும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் சொன்னதை இங்கே கோவையாகச் சொல்கிறேன். நந்தி திருவையாற்றுப் பிள்ளை. ஐயாறப்பர் தன் பிள்ளையாகவே அவரை வளர்த்து, கல்யாண வயது வந்ததும் பெண் பார்க்கிறார். பெண் சுயசாம்பிகை, வியாக்கிரபாத முனிவரின் மகள். கல்யாணம் திருமழபாடியில். பங்குனி மாதம் புனர்பூச நட்சத்திரத்தில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் மாப்பிள்ளை நந்தியை அழைத்துக்கொண்டு கொள்ளிடம் கடந்து வருகிறார்கள். இந்தப் பக்கம் வைத்தியநாதர் பெண் வீட்டாராக நின்று வரவேற்கிறார். மேளம், சீர்த்தட்டு, மாலை மாற்றல், தாலி கட்டல் என்று ஒரு வீட்டுக் கல்யாணத்தில் உள்ள எதுவும் குறையாது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. அதனால் கல்யாணம் ஆகாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

கல்யாணத்துக்கு வேண்டியதைத் திருவையாற்றைச் சுற்றியிருக்கும் ஊர்கள் கொடுத்தன என்பது கதையின் இன்னொரு பகுதி. திருப்பழனம் பழம் கொடுத்தது, திருப்பூந்துருத்தி பூ, திருச்சோற்றுத்துறை சோறு, திருநெய்த்தானம் நெய். திருவேதிகுடி வேதியரை அனுப்பியது, திருக்கண்டியூர் நகைகளைக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்ல ஐயாறப்பர் புதுமணத் தம்பதியோடு அந்த ஊர்களுக்கெல்லாம் பல்லக்கில் போய்வருவதுதான் சித்திரையில் நடக்கும் ஏழூர்த் திருவிழா. இந்த ஆறு ஊர்ப் பெயர்களையும் கொடுத்த பொருளையும் வரிசையாக ஆங்கிலத்தில் சொல்ல அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். நெய்யும் பூவும் எளிதாக வந்தன. சீர் வரிசைக்கு என்ன சொல்வது என்று ஐந்தாறு பேர் சேர்ந்து தேடினார்கள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு பையன் எழுந்து நின்று, தட்டைத் தலையில் சுமப்பதுபோல் நடந்து காட்டிவிட்டு, நடந்தபடியே இரண்டு வாக்கியம் சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது. மொழி தன் வேலையைச் செய்துவிட்டது.

அதன் பிறகு நாங்கள் பாயில் உட்காரவில்லை, நடந்தோம். ஒவ்வொரு மாலையும் ஒருவர் வழிகாட்டி, நான் ஊருக்குப் புதியவன், மற்றவர்கள் துணைக்கு. கோயில், படித்துறை, கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் கொட்டகை. கோயிலுக்குள் ஒரு நாள் சுவர் கல்வெட்டுகளின் முன்னால் நின்றோம். அவை அங்கே வந்த வரலாற்றைச் சொல்லும் முறை என்னுடையது. ராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னால், பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். பிறகு ராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் பார்த்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டினார்கள். யாரோ ஒரு விளக்குக்குக் கொடுத்த ஆடும் நிலமும் கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். தினமும் கடந்துபோகிற சுவரில் இது இருக்கிறது என்று பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. மறுநாள் மாலை வழிகாட்டியாக வந்த பெண், நான் கேட்காமலே என்னைச் சுவரருகே அழைத்துப்போய், நான் சொன்னதை ஆங்கிலத்தில் எனக்கே சொன்னாள். நான் விட்டிருந்த ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்: படியெடுத்தவருக்கு எழுத்து நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு எழுத்து தவறினால் ஒருவருடைய கொடையே மாறிப்போகும் என்று.

என் தோழியின் வழியாக மெக்சிகோ மாணவர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். இங்கே பிள்ளைகள் போனில் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்வார்கள். நான் தோழிக்கு அனுப்புவேன். அவர் அங்கே அனுப்புவார். அங்கே பகலாக இருக்கும்போது இங்கே இரவு. மறுநாள் பதில் வந்திருக்கும். முதல் குரலைக் கேட்டதும் எல்லோருக்கும் வியப்பு. அந்த மாணவனும் தயங்கித் தயங்கித்தான் பேசினான். வெளிநாட்டுக்காரர் என்றால் ஆங்கிலம் தாய்மொழியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். மெக்சிகோவில் ஸ்பானிய மொழிதான் பெருவழக்கு. அதற்கும் முன்பிருந்தே அந்த மண்ணில் வாழும் நாவாத்தல், மாயா முதலான 68 மொழிக் குழுக்களை அந்த நாடு தன் தேசிய மொழிகளாக ஏற்றிருக்கிறது. வீட்டில் மாயா, பள்ளியில் ஸ்பானியம், பிறகு ஆங்கிலம் என்று படிக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. தங்களைப் போலவே அவர்களும் இந்த மொழியை வெளியிலிருந்து கற்கிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் பிள்ளைகளின் கூச்சம் பாதி போய்விட்டது. பிழை வருமே என்று யாருக்கும் பயப்படத் தேவையில்லாத பேச்சு அது.

மெக்சிகோவுக்கும் தங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பையன் கேட்டான். அவன் அப்பா பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளம் போடுகிறவர். தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். அந்தப் பயிர் பிறந்த மண் மெக்சிகோவின் தென்பகுதி. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் அதை உருவாக்கி எடுத்தார்கள். நம் குழம்பு மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவரும் வரை நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகு. மாலையில் கட்டும் துலுக்கச் சாமந்தியும் அந்த மண்ணின் பூ. நவம்பர் முதல் இரண்டு நாள்களில் இறந்தவர்களை வரவேற்க வீட்டிலும் கல்லறையிலும் அதைப் பரப்புகிறார்கள் என்று ஒரு மெக்சிகோ மாணவி பதிவில் சொன்னாள். இங்கிருந்து ஒருத்தி ஆடி அமாவாசைக்குக் கொள்ளிடக் கரையில் முன்னோருக்குக் கொடுக்கும் தர்ப்பணத்தைச் சொல்லி அனுப்பினாள். அவள் பேசிய நீளமான பதிவு அதுதான். இடையில் ஒரு முறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைவிடப் பழைய உறவு ஒன்றும் அரியலூர் மண்ணில் புதைந்திருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்தப் பகுதியில் கடல் புகுந்திருந்தது. அந்தக் கடலின் அடிப்பகுதிதான் இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல். அதில் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகள் கல்லாகிக் கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர்கள் இவற்றைச் சேகரித்து ஆராய்ந்து உலகுக்குச் சொல்லிவிட்டார்கள். இன்று வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு விண்கல் விழுந்தது. அதையொட்டிய பேரழிவில் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் உலகிலிருந்து மறைந்தன. அந்தக் கல் விழுந்த இடம் மெக்சிகோவின் யுகாத்தான் கரை. அங்கே விழுந்த அடியில் அழிந்த இனத்தின் கல் இங்கே நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்யக் கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டு மாலை தயார் செய்தாள். யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை என்று தெரிந்தே செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஏலாக்குறிச்சிக்குப் போனோம். திருமானூர் வந்து, கொள்ளிடத்தை ஒட்டிக் கிழக்கே போக வேண்டும். அடைக்கல மாதா கோயில் அங்கே இருக்கிறது. கிறித்தவர்களும் இந்துக்களும் சேர்ந்து வந்துபோகும் இடம். எங்கள் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே குடும்பத்தோடு வந்து மெழுகுவத்தி ஏற்றியவர்கள். நான் அவர்களை அழைத்துப்போனது அந்தக் கோயிலை வளர்த்தவருக்காக. இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி, ஏறத்தாழ முப்பது வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். தமிழில் ஒரு சொல் தெரியாது. இந்தக் கொள்ளிடக் கரையில் தமிழோடு வாழ்ந்து வீரமாமுனிவர் ஆனார். அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவையை நாட்டு மருந்தால் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக மழவராயர் நிலம் கொடுத்தார் என்றும் இங்கே சொல்கிறார்கள். நிலம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது.

3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை எழுதியவர், 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தவர் என்று பிள்ளைகள் பாடத்தில் படித்திருக்கிறார்கள். அவர் மொழி கற்ற விதத்தைப் பற்றி நாங்கள் அங்கே மர நிழலில் பேசினோம். புலவர்களிடம் பாடம் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. ஊர் மக்கள் பேசும் தமிழுக்கென்று தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். அந்தக் காலத்தில் பேச்சுத் தமிழை இலக்கணம் எழுதத் தக்கதாக மதித்தவர்கள் குறைவு. தமிழ் கற்கும் வெளிநாட்டாருக்குப் படித்துப் பழகக் கதை வேண்டும் என்று பரமார்த்த குரு கதையை எழுதினார். அது 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. எகர ஒகரக் குறிலின் தலையில் புள்ளி வைத்துப் பிரித்துக்காட்டும் பழைய முறையை விட்டு, நெடிலுக்குத் தனி வடிவம் தந்ததும் அவர்தான். இன்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'ஏ', 'ஓ' என்று எழுதும்போது அவருடைய கை அதில் இருக்கிறது. கற்க வந்தவர் தன் பங்குக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே உட்கார்ந்தபடியே பிள்ளைகள், பரமார்த்த குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்கும் கதையை ஆளுக்கொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று சீடன் கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்க்கும் இடத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

தன்னார்வலர் வருகையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சில வாரம் வந்து பேசிவிட்டுப் போனால் ஆங்கிலம் வந்துவிடுமா? வராது. ஆண்டு முழுதும் கற்பிப்பவர் பள்ளி ஆசிரியர்தான். அவர் போடும் அடித்தளம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்குச் சொல்லே இருந்திருக்காது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலை நேரத்தில் குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைத்துப் படிப்பித்தார்கள். தொடர்ச்சியும் நெருக்கமும் உள்ளூர்க்காரரால்தான் முடியும் என்பதற்கு அது சான்று. வெளியிலிருந்து வருபவர் தரக்கூடியது வேறு. அவருக்கு ஊர் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவர் கொண்டுவரும் சீர். பிள்ளைகளிடம் சொல்வதற்கு ஏராளமாக இருக்கிறது. கேட்க ஆர்வமுள்ள, தெரியாத ஆள் ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் அது வெளியே வருகிறது.

வருபவர் தானும் கற்க வேண்டும் என்பது இந்த முறையின் உயிர். மதுரையில் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பின் வழியாகப் பல தலைமுறை அமெரிக்க இளைஞர்கள் வந்து தங்கி ஆங்கிலம் கற்பித்திருக்கிறார்கள். ஆங்கிலம் கொடுத்துவிட்டுத் தமிழை எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் திருமழபாடியில் நிறையக் கற்றேன். ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் எவ்வளவு ஆழத்தில் நீர் வரும், அது ஏன் ஆண்டுக்கு ஆண்டு கீழே போகிறது என்று ஒரு பையன் சொன்னான். மணல் அள்ளியதன் விளைவை அவன் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தயார். சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் மணலில் கோடு கிழித்துக் காட்டினான். அந்த ஆற்றின் எதிர்காலத்தைப் பற்றி நாளை அவன் எந்த அதிகாரி முன்னாலும் நின்று பேச வேண்டியிருக்கும். அன்றைக்கு எந்த மொழி வேண்டுமானாலும் அவன் வாயில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போக நினைக்கும் நண்பர்களுக்கு மூன்று சொல்கிறேன். பாடநூலை எடுத்துப்போகாதீர்கள், ஊரைப் பற்றிய கேள்விகளை எடுத்துப்போங்கள். பிள்ளை சொல் தேடித் தடுமாறும்போது எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். உள்ளூர் ஆசிரியர் ஒருவரையும் ஊர்த் தன்னார்வலர் ஒருவரையும் முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அந்த மாலைகள் நடக்க வேண்டும். திருமழபாடியில் நடக்கின்றன. பிள்ளைகளே பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துவந்து வழிகாட்டுகிறார்கள். மெக்சிகோவிலிருந்து பதிவுகளும் தொடர்ந்து வருகின்றன. வரும் பங்குனியில் நந்தி கல்யாணத்தை அவர்களுக்குப் போனில் நேரலையாகக் காட்டி, ஆங்கிலத்தில் வருணிக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் யார் பேசுவது, பெண் வீட்டார் பக்கம் யார் பேசுவது என்று இப்போதே பிரித்தாகிவிட்டது. நேரில் வந்து பார்க்க எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. போகிறேன். நீங்களும் வாருங்கள்.